பகலில் பையைத் திறக்காதீர்கள்

சென்ற மாதம் ஓய்வு நேரத்தில், படிவம் இரண்டு மாணவன் ஒருவன் சட்டைக்குள்ளிருந்து சிறு துணிப்பை ஒன்றை எடுத்தான். உள்ளே அவன் புதிதாக வாங்கிய சுகர் கிளைடர். "ரொம்ப சாது டீச்சர், பாருங்க!" என்று சொல்லி, பைக்குள் கையை விட்டு அதை வெளியே இழுத்தான். கர்ரென்று ஒரு சத்தம். அடுத்த நொடி அவன் விரலில் இரத்தம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "இது சரிப்படாது டீச்சர், வித்துடப் போறேன்" என்றான், கண்ணில் நீரோடு.

தவறு பிராணியிடம் இல்லை. அப்போது மணி காலை பத்து. சுகர் கிளைடர் இரவில் விழித்திருக்கும் உயிரினம். அதற்கு அது நடு இரவு மாதிரி. நடு இரவில் உங்களை யாராவது போர்வையோடு இழுத்து, இருபது பேர் முன்னால் நிறுத்தினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

பலர் இதைப் பறக்கும் அணில் என்கிறார்கள். நம் காடுகளில் உள்ள பறக்கும் அணில், எலியைப் போலக் கொறிக்கும் இனம். சுகர் கிளைடரோ கங்காருவைப் போல வயிற்றில் பை உள்ள பாலூட்டி. ஆஸ்திரேலியாவும் நியூகினி தீவும் அதன் தாயகம். எடை 100 முதல் 150 கிராம் வரைதான். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே உள்ள தோலை விரித்து, மரத்துக்கு மரம் 50 மீட்டர் வரை சறுக்கிச் செல்லும். இவ்வளவு சிறிய உயிரினத்துக்கு ஆந்தை முதலிய எதிரிகள் உண்டு. அதனால்தான் மேலிருந்து இறங்கும் உங்கள் கை, அதற்கு நண்பனின் கையாகத் தெரிவதில்லை. அந்த 'கர்ர்' சத்தம் பெரும்பாலும் கோபம் அல்ல, பயம்.

"விடாமல் பிடித்துக்கொண்டால் தானாகப் பழகிவிடும்" என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. போராடிக் களைத்து அடங்குவது பழக்கம் ஆகாது. காணொளிகளில் உள்ளங்கையில் அசையாமல் கிடக்கும் கிளைடரைப் பார்த்து, "எவ்வளவு பாசம்!" என்கிறோம். அது தூக்கக் கலக்கமாகவோ பயமாகவோ இருக்கலாம். மனஅழுத்தம் முற்றினால், சில கிளைடர்கள் தம் உரோமத்தைப் பிடுங்கி, வாலையே கடித்துக்கொள்ளும்.

அப்படியென்றால் எப்படிப் பழகுவது? வாசனையிலிருந்து தொடங்குங்கள். காட்டில் இவை கூட்டமாக ஒரே மரப்பொந்தில் தூங்கும். யார் தன் கூட்டம், யார் அந்நியர் என்பதை வாசனையால்தான் அறியும். நீங்கள் அணிந்த பழைய சட்டையின் ஒரு துண்டை அதன் படுக்கையில் வையுங்கள். முதல் சில நாள்கள் தொடவே வேண்டாம். பிறகு, பகலில் அது தூங்கும் பையை வீட்டில் அமைதியாக உங்கள் உடலோடு ஒட்டி வைத்திருங்கள். பையைத் திறக்காதீர்கள். உங்கள் சூடும் குரலும் அதற்குப் பழகட்டும்.

இரவில் கூண்டின் அருகே உட்கார்ந்து, சிறு பழத்துண்டை விரலில் நீட்டுங்கள். கையைத் தட்டையாக, கீழிருந்து கொண்டு செல்லுங்கள். அதுவாக ஏறும்வரை காத்திருங்கள். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. கடித்தால் கத்தாதீர்கள், கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். காயத்தைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, பெற்றோரிடம் சொல்லுங்கள். காயம் ஆழமாக இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

வெளியே விடும் முன் மேல்விசிறியை நிறுத்துங்கள், சன்னலைச் சாத்துங்கள், கழிப்பறை மூடியையும் மூடுங்கள். சறுக்கி விழும் பிராணிக்கு இவை மூன்றும் எமன்.

இதற்கெல்லாம் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். ஆகவே, வாங்கும் முன்பே உங்களிடம் நேரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் 10 ஆண்டுகளுக்கும் மேல் வாழக்கூடிய பிராணி இது. உங்களுக்கு இப்போது 14 வயது என்றால், 24 வயதிலும் அதற்கு இரவுச் சாப்பாடு வைக்க வேண்டும். தனியாக வளர்த்தால் ஏங்கிப் போகும். பழம் மட்டும் கொடுத்தால் கால்சியம் குறைந்து எலும்பு பலவீனமாகும். பின்னங்கால்கள் செயலிழக்கவும் கூடும். சிங்கப்பூரில் இதை வளர்ப்பதே சட்டவிரோதம். மலேசியாவில் இருப்பவர்கள், வாங்கும் முன் வனவிலங்குத் துறையிடம் விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இத்தனையும் முடியாது என்று தோன்றினால் வாங்காமல் இருங்கள். அதுவும் பிராணிக்குச் செய்யும் நன்மைதான்.

அந்த மாணவன் விற்கவில்லை. பள்ளிக்கும் இப்போது கொண்டு வருவதில்லை. நேற்று வகுப்பு முடிந்ததும் வந்து, "ராத்திரி என் விரல்ல இருந்த பப்பாளிய நக்கிச்சு டீச்சர். கையில இன்னும் ஏறல" என்றான்.

ஏறும். அவசரமில்லை.