காரைக்காலுக்கு வேண்டியது புது இயந்திரமா, புதுக் குழாயா?

2022 ஜூலை 3 அன்று காரைக்காலில் பொதுச் சுகாதார அவசர நிலை பிரகடனம் செய்யப்பட்டது. வாந்தி பேதியால் நூற்றுக்கணக்கான ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சிலருக்குக் காலரா என்பது பரிசோதனையில் தெரிந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்ததே காரணம் என்று அப்போது கூறப்பட்டது. குழாய்த் தண்ணீர் குடித்த குற்றத்துக்கு இந்தத் தண்டனை!

இன்று நீர்ச் சுத்திகரிப்பில் ‘உயர்நிலை ஆக்ஸிஜனேற்றம்’ என்னும் முறை உலகெங்கும் பேசப்படுகிறது. ஓசோன், புற ஊதா ஒளி, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவற்றைச் சேர்த்து ‘ஹைட்ராக்சில் ராடிகல்’ என்ற துடிப்பான துணுக்கை உண்டாக்குகிறார்கள். சாயம், பூச்சிமருந்து போன்று குளோரினுக்கு மசியாத விஷங்களையும் அது சிதைக்கிறது. விஞ்ஞானத்தின் இந்தச் சாதனையை நாம் வரவேற்கிறோம். ஆலைக் கழிவு ஓடும் இடங்களில், ஆலை முதலாளிகளின் செலவிலேயே அதை நிறுவட்டும்.

ஆனால் காரைக்காலின் நோய்க்கு இது மருந்தா? அந்த ராடிகல் கண் இமைக்கும் நேரம்கூட நிலைக்காது. சுத்திகரிப்பு நிலையத்திலேயே பிறந்து அங்கேயே மடிகிறது. தண்ணீர் விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இல்லை. ஓட்டை வழியே வெளியிலுள்ள சாக்கடை உள்ளே புகுகிறது. அங்கே காவல் நிற்பது சாதாரணக் குளோரின்தான். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். தெருக்கோடி வீட்டில் அது இருக்கிறதா என்பதே கேள்வி.

பிரான்சின் நீஸ் நகரம் 1906-லேயே குடிநீருக்கு ஓசோனைப் பயன்படுத்தியது. 1954 வரை காரைக்காலை ஆண்டதும் அதே பிரான்சுதான். எஜமான் ஒருவனே, குடித்த தண்ணீர் ஒன்றா? விஞ்ஞானம் இருப்பது வேறு, அது யாருக்குக் கிடைக்கிறது என்பது வேறு.

எனவே நாம் கோருவது இதுதான்: பழுதான குழாய்களை மாற்றுக! சாக்கடையையும் குடிநீரையும் தூரப் பிரித்துவிடுக! தெருக்கோடிக் குழாயில் தினமும் குளோரினைச் சோதித்து, அளவை ஜனங்கள் பார்க்கும்படி எழுதி வைக்குக! இதற்குப் போதுமான தொழிலாளர்களை நிரந்தரமாக நியமிக்குக!

பளபளக்கும் இயந்திரத்துக்குத் திறப்பு விழா நடத்தலாம். மண்ணுக்குள் புதையும் குழாய்க்கு விழா கிடையாது. ஆனால் குழந்தைகளின் உயிர் அந்தக் குழாயில்தான் ஓடுகிறது.