விடுதிச் சோறும் ஐபோனும்

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலை மூடப்பட்டது. காரணம், பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியின் சாப்பாடு. அதைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. அதிகாரிகள் மறுத்தும் யாரும் நம்பவில்லை. இளம்பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவில் மறியலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு நாள் சோறு மட்டும் இத்தனை கோபத்தைக் கிளப்பாது. நெருக்கடியான அறைகளில் தரையில் படுத்துக் கிடந்த எத்தனையோ இரவுகளின் ஆற்றாமை அது.

விடுதிகளும் உணவுக்கூடங்களும் உரிய தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆலையைக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்றுதான் உற்பத்தி மீண்டும் தொடங்கியது, அதுவும் சொற்பத் தொழிலாளர்களோடு. சாப்பாட்டிலும் படுக்கையிலும் பிடித்த மிச்சம் எதுவும் இந்த நஷ்டத்துக்கு ஈடாகாது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,000-க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. மனமார வரவேற்கிறோம். ஆனால், 'சாப்பாடு சரியில்லை' என்று ஒரு பெண் முதல் நாளே தயங்காமல் சொல்ல முடிகிறதா? வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை அவர் வாய் திறக்க மாட்டார். விடுதியை நடத்தும் ஒப்பந்தக்காரர் மீது பழியைப் போட்டுவிட்டு நிறுவனங்கள் ஒதுங்கக் கூடாது. தொழிலாளர்களே இடம்பெறும் உணவுக் குழுவை ஒவ்வொரு விடுதியிலும் அமைக்க வேண்டும். முன்னறிவிப்பின்றி ஆய்வு நடத்த வேண்டும். தொழிலாளர் நலத்துறை இவ்விரண்டையும் உடனே கட்டாயமாக்கட்டும்.