வீட்டுக்குள் கைத்தொழிலுக்கு ஓர் இடம்



கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, இராஜகிரி, பண்டாரவாடை என நம் காவிரிப் படுகை ஊர்களில் தையலும் ஆரி வேலையும் கற்ற பெண்கள் இன்று பல வீடுகளில் உள்ளனர். ஆனால் அவர்கள் அமர்ந்து வேலை செய்ய வீட்டில் ஓர் இடம் இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதே விடை. கட்டில் ஓரத்தில் துணியை விரித்து வேலையைத் தொடங்குகிறார்கள். விருந்தாளி வந்தால் சுருட்டி வைக்கிறார்கள். ஊசி நாட்காட்டியில் குத்தப்பட்டிருக்கும். மணிகள் தேநீர்க் குவளையில் கிடக்கும். பாதி தைத்த ரவிக்கை பீரோவின் மேல் ஏறியிருக்கும். மறுநாள் அனைத்தையும் தேடி எடுப்பதற்குள் லுஹர் பாங்கு சொல்லிவிடுகிறார்கள்.

இடமின்மையால் மட்டுமே இந்நிலை ஏற்பட்டது என்று சொல்ல இயலாது. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழும்பிய நம் வீடுகளில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே திறக்கப்படும் விருந்தினர் கூடம் உண்டு. தூசி படிந்த சோபாக்கள் உண்டு. பெண்ணின் கைவேலையைத் தொழிலாக நாம் கருதாததே உண்மைக் காரணம் என்பது நமது கருத்து.

நமக்கு அருகிலேயே வேறொரு வழக்கம் இருக்கிறது. திருபுவனத்துப் பட்டு நெசவாளர் வீட்டில் தறிக்கே முதலிடம். தறி நிற்கும் இடத்தை விட்டு, மிஞ்சிய இடத்தில்தான் குடும்பம் புழங்கும். நெல்லைச் சீமையின் பத்தமடையில் நம் சமுதாயப் பெண்களே தாமிரபரணிக் கரையின் கோரையைக் கொண்டு, பட்டுப்போல் மடியும் பாய்களை வீட்டிலிருந்தே நெய்து பெயர் பெற்றனர். வீடு தொழிலுக்கு இடம் கொடுத்த ஊர்களில் தொழில் தலைமுறை கடந்து நின்றிருக்கிறது.

மார்க்கமும் இதற்குத் தடையாக இல்லை. நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பிலிருந்தே உண்டார்கள் என்பதை நாம் ஹதீஸில் படிக்கிறோம். அவர்களுக்குக் கவசம் செய்யக் கற்பித்த அல்லாஹ், கண்ணிகளைச் சரியான அளவில் கோக்குமாறு கட்டளையிட்டதை ஸபா அத்தியாயம் எடுத்துரைக்கிறது. தொழிலில் அளவும் ஒழுங்கும் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கைகளால் உழைத்து, அதில் கிடைத்ததைத் தர்மம் செய்தார்கள். நபிகளாரின் மனைவியரில் நீண்ட கையுடையவர் என்ற சிறப்பு அவர்களுக்கு உரியதானது அந்த ஈகையால்தான்.

ஆகவே, இடம் ஒதுக்கும்போது கவனிக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் வெளிச்சம். வலக்கையால் வேலை செய்பவருக்கு இடப்பக்கத்திலிருந்து ஒளி விழ வேண்டும்; அப்போதுதான் கையின் நிழல் ஊசிமுனையை மறைக்காது. சன்னலோரமோ முற்றத்தை ஒட்டிய தாழ்வாரமோ பகலில் மிக ஏற்றவை. இரவுக்கு, தலைக்கு மேலுள்ள குழல்விளக்கு போதாது. வளைத்துத் திருப்பக்கூடிய ஒரு மேசைவிளக்கு வேண்டும். இந்தச் சிறு செலவைத் தவிர்த்தால் கண்கள்தாம் அதற்கு விலை கொடுக்கும்.

அடுத்து ஆரிச் சட்டம். ஆரி ஊசியின் முனை தூண்டில் முள்போல் வளைந்தது. மேலே ஒரு கை ஊசியைக் குத்த, துணிக்கு அடியில் மறுகை நூலை ஊட்ட வேண்டும். எனவே சட்டத்தை மடியில் வைத்துக் குனிந்து தைப்பது முதுகையும் கழுத்தையும் வருத்தும். கால்கள் கொண்ட தாங்கியில் சட்டத்தைப் பொருத்தி, கீழே கை தாராளமாக நுழையும்படி உயரத்தை அமைத்துக்கொள்வது நலம். தரையில் அமர்பவர்கள் சுவரில் சாய்ந்துகொள்ளுமாறு இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

பொருள்களைப் பிரித்து வைப்பதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பழைய அஞ்சறைப் பெட்டியொன்று மணி, குந்தன் கல், சம்க்கி ஆகியவற்றுக்குப் போதும். பட்டு நூல்களை நிறவாரியாகப் பிஸ்கட் டப்பாக்களில் அடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் பகுதி வீடுகளில் சுவரே ஈரம் கசியும். ஜரிகை கறுத்துவிடும், துணியில் பூஞ்சை பிடிக்கும். ஆதலால் இவற்றை மூடியுள்ள டப்பாவில், சுவரைத் தொடாத அலமாரியில் வைக்க வேண்டும். ஊசிகளை எண்ணி எடுத்து, எண்ணியே திரும்ப வைக்கும் பழக்கம் அவசியம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு காந்தத் துண்டைத் தரையில் ஓட்டிப் பார்த்த பிறகே எழ வேண்டும். தொழும் இடமும் வேலை இடமும் வேறு வேறாக இருப்பது நன்று. ஸஜ்தா செய்யும் இடத்தில் ஊசி கிடக்கக் கூடாது.

அந்த இடத்தில் ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். அளவு, பேசிய கூலி, பெற்ற முன்பணம், தருவதாகச் சொன்ன தேதி ஆகிய நான்கையும் எழுத வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்குர்ஆன் பணிக்கும்போது, தெரிந்தவர்தானே என்று வாய்ப்பேச்சில் விடுவது மனத்தாங்கலில் முடிகிறது. மிஞ்சிய துணியும் மணியும் வாடிக்கையாளரின் அமானிதம். ஒரு சாண் துணியானாலும் திருப்பிக் கொடுப்பதே முறை. மயில், யானை போன்ற உருவங்களைத் தைக்கச் சொல்லி வரும் வேலைகளில் மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே பணம் பெற வேண்டும். பாதியில் மறுப்பது இருவருக்கும் நட்டம்.

வேலை கொடுப்பவர்களுக்கும் ஒரு சொல். கடையில் கேட்ட விலையைக் கொடுக்கும் நாம், அண்டை வீட்டு லாத்தாவிடம் பேரம் பேசுகிறோம். பெருநாள் கழித்துத் தருகிறேன் என்கிறோம். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்க வேண்டும் என்ற போதனை வீட்டிலிருந்து உழைப்பவருக்கும் பொருந்தும்.

"கணவன் சம்பாதிக்கும்போது பெண்ணுக்கு எதற்கு இது?" என்று கேட்போர் உண்டு. மனைவி மக்களைப் பராமரிப்பது கணவனின் கடமை, அதில் மாற்றமில்லை. ஆனால் பெண் ஈட்டியது அவளுக்கே உரியது என்பதும் அதே மார்க்கத்தின் சட்டம்தான். அவள் தன் கணவனுக்கும் பொறுப்பிலுள்ள அநாதைகளுக்கும் செலவிட்டால் இரட்டை நற்கூலி உண்டு என்பதை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) தொடர்பான ஹதீஸ் உணர்த்துகிறது. மேலும், வளைகுடாவில் வேலை பறிபோன கணவர்களை நாம் அறிவோம். இளம் வயதில் இத்தா இருந்து எழுந்த பெண்களையும் அறிவோம். அந்நாளில் உறவினரின் கையை எதிர்பார்க்கும் நிலைக்கும், இரண்டு ரவிக்கை தைத்துப் பிள்ளையின் கட்டணத்தைக் கட்டும் நிலைக்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. கைத்தொழில் ஒரே நாளில் வந்துவிடாது. ஆண்டுக்கணக்கில் அமர்ந்து பழகியவருக்கே அது துணை நிற்கும்.

எனவே விடுமுறையில் ஊர் வரும் சகோதரர்களுக்கு நமது வேண்டுகோள் இதுதான்: அடுத்த முறை பெட்டியில் வாசனைத் திரவியம் ஒன்றைக் குறைத்து, ஒரு நல்ல விளக்கும் ஒரு சட்டத்தாங்கியும் வாங்க அப்பணத்தைச் செலவிடுங்கள். விருந்தினர் கூடத்தின் ஒரு மூலையை உங்கள் மனைவிக்கோ மகளுக்கோ ஒதுக்கி, அதை யாரும் கலைக்கக் கூடாது என்று வீட்டாரிடம் சொல்லுங்கள். ஓரறை வீட்டில் வாழும் பெண்களுக்காக, ஜமாஅத்துகள் பகலில் பூட்டிக் கிடக்கும் திருமண மண்டபத்தின் ஓர் அறையையேனும் திறந்து கொடுக்கலாம்.

உழைக்கும் கைகளின் ரிஸ்கில் வல்ல ரஹ்மான் பரக்கத் செய்வானாக. ஆமீன்.