உறுமியும் ஃபஸ் கிட்டாரும்

பீட்டில்ஸ் 1966-இல் வெளியிட்ட 'ரிவால்வர்' இசைத்தட்டின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். அடியில் தம்பூரா ரீங்காரம். ஏறக்குறைய ஒரே கார்டில் நிற்கிறது பாட்டு. ரிங்கோவின் டிரம் ஒரே அடியை விடாமல் அடிக்க, மேலே டேப் துண்டுகள் தலைகீழாய் ஓடி ஏதோ பறவைபோல் கத்துகின்றன. சைகடெலிக் ராக்கின் அடையாளமே இதுதான்: முன்னே போகாத, உள்ளே இழுக்கிற இசை. எல்எஸ்டி போதைதான் இதைப் பெற்றது என்பார்கள். பாதிதான் உண்மை, மீதிப் பாதி நம் தம்பூரா.

தைப்பூசத்தன்று ஈப்போ குனோங் சீரோ கல்லுமலையில் நின்றால் எனக்கு அந்தப் பாட்டுதான் நினைவுக்கு வரும். உறுமிக்காரர் வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்க்கிறார். உறுமல் இழுபட்டு, உடைந்து, கரகரக்கிறது. ஒலியைச் சிதைக்கும் ஃபஸ் பெட்டியில் கிட்டாரைச் செருகினால் வரும் அதே கரகரப்பு. பால்மரக் காடுகள் செம்பனையாகி, லயங்கள் காலியான பிறகும், தோட்டத்துப் பிள்ளைகள் அந்த உறுமியைத் தாமான் குடியிருப்புகளுக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். அங்கே அதைத் தொந்தரவு என்று முகம் சுளிக்கிறோம். மொன்ட்டரேயில் 1967-இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கிட்டாரைக் கொளுத்தியதை மட்டும் கலை என்கிறோம். பினாங்கு அண்ணன் தம்பிகள் டேவிட், லோகநாதன் ஆறுமுகத்தின் 'அலிகேட்ஸ்' இசைக்குழு கிட்டாரோடு நாடு முழுக்கப் புகழ் பெற்றது. உறுமிக்கு இன்னும் மேடை ஓரம்தான்.