பாதி நீளம் என்றால் பாதி அளவா? மீன்தொட்டி வாங்குவோர் கவனத்துக்கு



வீட்டில் ஆறடி மீன்தொட்டி வைப்பது இப்போது பெருகிவிட்டது. மகிழ்ச்சி. ஆனால் அடியில் வைக்கும் சம்ப் விஷயத்தில் கடைக்காரர்கள் சொல்வதைக் கேட்டால் கணக்கு வாத்தியாருக்குக் கோபம் வருகிறது. (வாசலில் மண்ணுக்குள் இருக்கும் சம்ப் அல்ல, தொட்டித் தண்ணீர் வழிந்து இறங்கி, வடிகட்டப்பட்டு, பம்ப் மூலம் மேலே திரும்பும் கீழ்த்தொட்டி.)

"ஆறடித் தொட்டிக்கு மூணடி சம்ப் போதும் சார், பாதி இருக்கே!" என்கிறார்கள். எதில் பாதி? நீளத்தில்!

மேல்தொட்டி 6 × 2 × 2 அடி: 24 கன அடி, சுமார் 680 லிட்டர். சம்ப் 3 × 1 × 1¼ அடி: 3¾ கன அடி, 106 லிட்டர். ஆறில் ஒரு பங்குகூட இல்லை. பள்ளிக்கூடப் பாடம் இது!

சரி, கரண்ட் போனால் என்ன ஆகும்? மேல்தொட்டியில் ஓர் அங்குலத் தண்ணீர் என்பது ஒரு கன அடி, அதாவது 28 லிட்டர். பம்ப் தண்ணீரை விடும் குழாய்வாய் மட்டத்துக்கு 2 அங்குலம் கீழே இருந்தால், பம்ப் நின்றதும் அதே குழாய் தண்ணீரைப் பின்னோக்கி உறிஞ்சும். 56 லிட்டர் கீழே வரும். மூணடி சம்பில் 10 அங்குலம் தண்ணீர் ஓடினால் மிச்ச இடம் 35 லிட்டர்தான். மீதி 21 லிட்டர் எங்கே போகும்? கேபினட்டுக்குள். அங்கேதான் பிளக் பாயின்ட் பெட்டியும் இருக்கிறது! மீன் மட்டுமல்ல, அதைத் தொடுகிற பிள்ளையின் உயிரும் இதில் அடக்கம்.

"ஒருவழி வால்வு போட்டிருக்கோம் சார்." ஒரு நத்தையோ பாசியோ சிக்கினால் அது மூடாது. "இன்வெர்ட்டர் இருக்கு சார்." பம்பே பழுதானால்?

அதே தொட்டிக்கு 4 × 1½ × 1½ அடி சம்ப் வையுங்கள். 255 லிட்டர். 10 அங்குலம் ஓடினாலும் 113 லிட்டருக்கு இடம் மிச்சம். மொத்தத் தண்ணீர் கூடுவதால் அம்மோனியாவும் வெப்பமும் சட்டென்று ஏறாது.

அதற்காக எல்லா அறையையும் பெரிதாக்காதீர்கள். பம்ப் இருக்கும் கடைசி அறைக்கு எல்லை உண்டு. இறங்கும் குழாய் அடைத்தால், அந்த அறைத் தண்ணீர் முழுவதும் மேலே ஏறும். மேலே 2 அங்குலம்தான் காலி என்றால் அந்த அறையில் 56 லிட்டருக்குக் குறைவாகவே தண்ணீர் இருக்க வேண்டும். மிகச் சிறிதாக்கினாலும் ஆபத்து: ஆவியாகிற தண்ணீர் அந்த அறையில்தான் குறையும், பம்ப் வறண்டு ஓடும்.

பெரிய சம்புக்கு இடமில்லை என்றால் சின்னத் தொட்டி வாங்குங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

மீன் விடும் முன் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அதுதான் உங்கள் சம்புக்கான தேர்வு. ஏற்கெனவே வாங்கியவர்கள் அளவுகளைக் கீழே பதியுங்கள், திருத்தித் தருகிறேன். மதிப்பெண்ணும் உண்டு!