கேள்வியே கல்வி

நல்லாசிரியர் யார்? நிறையக் கற்றவரா? அழகாகப் பேசுபவரா? இவை இரண்டும் சிறந்த பண்புகளே. எனினும், மாணவர் வினவும்போது பொறுமையுடன் செவிசாய்ப்பவரே நல்லாசிரியர் என்பது என் கருத்து.

தமிழில் 'கேள்வி' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, வினா, மற்றொன்று, செவியால் கேட்டல். திருக்குறளின் 42ஆம் அதிகாரமாகிய 'கேள்வி', செவியால் கேட்டலின் சிறப்பைக் கூறுகிறது. வகுப்பறைக்கு இவ்விரண்டும் வேண்டும். மாணவர் வினவ வேண்டும். ஆசிரியர் செவிசாய்க்க வேண்டும்.

சான்றாக ஒன்றைக் காண்போம். தில்லியிலும் போபாலிலும் வளரும் தமிழ்க் குழந்தைகள் பலர் இந்தி எழுத்துகளையே முதலில் கற்கின்றனர். இந்தியில் ககர ஒலிக்கு நான்கு எழுத்துகள் உள்ளன. தமிழில் ஒன்றே உள்ளது. "தமிழில் மட்டும் ஏன் ஓர் எழுத்து?" என்று ஒரு மாணவர் வினவுகிறார். "அது அப்படித்தான், மனப்பாடம் செய்" என்று கூறுவது எளிது. நல்லாசிரியர் அவ்வாறு கூறமாட்டார். கடல், பக்கம், தங்கம், பகல் என்னும் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, உரக்கப் படிக்கச் செய்வார். சொல்லின் முதலிலும், இரட்டித்து வரும்போதும் ககரம் வன்மையாக ஒலிக்கிறது. 'ங்' என்னும் மெல்லெழுத்தை அடுத்தும், இரண்டு உயிரொலிகளுக்கு இடையிலும் அது மென்மை பெறுகிறது. எழுத்து ஒன்றே, இடத்திற்கேற்ப ஒலி மாறுகிறது. இவ்விதியை மாணவரே கண்டறிந்தால் என்றும் மறவார். அவர் கற்ற இந்தி இங்குத் தடையாகவில்லை. வினாவைத் தந்து உதவியது.

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், மாணவரைப் பலவற்றுக்கு ஒப்பிடுகிறது. அன்னமும் பசுவும் போன்றவர் முதல் மாணவர். கிளி போன்றவருக்கு இடைநிலையே தரப்படுகிறது. கற்பித்ததை மட்டுமே திரும்பக் கூறுவது கிளியின் இயல்பன்றோ? மனப்பாடம் வேண்டா என்பது இதன் பொருளன்று. பாடத்தைப் போற்றி நினைவில் கொள்ளுதலையும், ஐயம் தீர வினவுதலையும் அந்நூல் ஒருங்கே வலியுறுத்துகிறது.

தமிழ்நாட்டில் வாழும் குழந்தைக்குத் தெருவும் கடைப் பெயர்ப்பலகையும் பேருந்தும் தமிழைக் கற்பிக்கின்றன. வெளிமாநிலத்தில் வளரும் குழந்தைக்கோ வீடும் இச்சில பாடவேளைகளுமே உள்ளன. அக்குழந்தை ழகரத்தைத் தவறாக ஒலிக்கும்போது வகுப்பு நகைத்தால், மறுநாள் அது வாய் திறவாது. பின்னர் ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் அழைக்கும்போதும் பேசத் தயங்கும். ஒரு நகைப்பு, ஒரு தலைமுறையின் மொழியையே துண்டித்துவிடக்கூடும். ஆதலால், பிழையைத் திருத்துவதற்கு முன் அச்சத்தைப் போக்குவதே ஆசிரியரின் முதற்கடமை.

மாணவர்களே! புரியாதவற்றைத் தயங்காமல் வினவுங்கள். உங்கள் நண்பர் வினவும்போது நகையாமல் செவிசாயுங்கள். அப்போது நீங்களும் ஒருவருக்கொருவர் நல்லாசிரியர் ஆவீர்கள்.

பயிற்சி

1. 'கேள்வி' என்னும் சொல்லை இரு பொருளிலும் தனித்தனித் தொடர்களில் அமைத்து எழுதுக.

2. பட்டம், வண்டி, படம் ஆகிய சொற்களை உரக்கப் படித்து, டகர ஒலி எவ்வாறு மாறுகிறது எனக் கூறுக.

3. 'மனப்பாடம் செய்தல் தேவையா?' உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.