எச்சரிக்க ஒரு காலம், ஆறுதல் சொல்ல ஒரு காலம்



சாலொமோன் ராஜாவின் ஞானத்தைக் குறித்துப் பிரசங்கிக்கும்போதெல்லாம் நாம் பட்டயத்தைப் பற்றிப் பேசுகிறோம்; உயிரோடிருந்த பிள்ளையை விட்டுக்கொடுக்கத் துணிந்த தாயைப் பற்றிப் பேசுகிறோம். அந்த அதிகாரத்தில் இன்னொரு பிள்ளையும் உண்டு. இரவில் உறங்கி, காலையில் விழிக்காமற்போன பச்சிளம் பிள்ளை அது. முதலாம் இராஜாக்கள் மூன்றாம் அதிகாரத்தை இந்த வாரம் மறுபடியும் நிதானமாக வாசியுங்கள். தாய் தூக்கத்தில் அதன்மேல் புரண்டுவிட்டாள் என்று சொல்பவள் யார்? வழக்கில் எதிராளியாய் நின்றவள். தானும் அந்த இராத்திரியில் உறங்கிக்கொண்டிருந்ததாக அவளே அறிக்கையிடுகிறாள். வீட்டில் வேறொருவரும் இல்லை. அப்படியானால், புரண்டதைக் கண்டது யார்?

பிள்ளைகளை மாற்றி வைத்தது அந்தத் தாயின் குற்றம், அதில் ஐயமில்லை. பிள்ளையின் மரணத்துக்கு அவளே காரணமா என்பது வேறு கேள்வி. அரசன் அதை விசாரிக்கவும் இல்லை, தீர்ப்புச் சொல்லவும் இல்லை. ஆனால் பிற்காலத்துச் சபை தீர்ப்புச் சொல்லிற்று. இடைக்கால ஐரோப்பாவில், படுக்கையில் பிள்ளை இறந்துகிடந்தால் தாயே அதை நசுக்கிவிட்டாள் எனக் கருதி, அவளுக்கு நீண்ட உபவாசத் தண்டனைகளை விதிக்கும் ஒழுங்குகள் சபையில் இருந்தன. துக்கத்தில் இருந்தவளுக்குச் சபை கொடுத்த ஆறுதல் அதுவே.

இன்றைய மருத்துவம் இத்தகைய மரணங்களில் ஒரு பகுதிக்குத் 'திடீர் சிசு மரணம்' என்று பெயரிட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் 'சிட்ஸ்' எனச் சுருக்கி அழைப்பர். ஒரு வயதுக்குட்பட்ட, நலமாயிருந்த குழந்தை உறக்கத்தில் இறந்து, பிரேதப் பரிசோதனை, இறந்த இடத்தை ஆராய்தல், நோய் வரலாறு ஆகிய மூன்றும் முடிந்த பின்னும் காரணம் அகப்படாவிட்டால் மட்டுமே அப்பெயரைச் சூட்டுகிறார்கள். பெரும்பாலும் இது முதல் ஆறு மாதங்களுக்குள் நேரிடுகிறது. இரண்டாம் மாதம் முதல் நான்காம் மாதம் வரை மிகுதி. பாஸ்டன் நகரில் ஹன்னா கின்னி என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் ஆராய்ந்து, இவ்வாறு இறந்த குழந்தைகள் பலரின் மூளைத்தண்டில் ஒரு குறைபாட்டைக் கண்டனர். முகம் துணியில் புதைந்து, தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரிடும்போது, பெரும்பாலான குழந்தைகள் விழித்து, தலையைத் திருப்பி, அழும். இந்தக் குறைபாடுள்ள குழந்தையோ விழிப்பதில்லை. எந்தக் குழந்தைக்கு அக்குறை உண்டு என்பதை எந்தத் தாயும் முகத்தைப் பார்த்து அறிய முடியாது. ஆகவேதான் எல்லாக் குழந்தைகளையும் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்கிறார்கள்.

இது எளிதில் விளங்கியதன்று. 1950-களிலும் அதன் பின்னும் மேலைநாட்டு மருத்துவர்கள் பலர் குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொன்னார்கள். அமெரிக்க வீடுகளில் மறுவேதம்போல் வாசிக்கப்பட்ட டாக்டர் ஸ்போக்கின் குழந்தை வளர்ப்பு நூலும் 1958-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதையே சொல்லிற்று. மல்லாந்திருக்கும் குழந்தை கக்கிய பாலில் மூச்சடைத்துப்போகும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் நம் பாட்டிமார்களுக்கும் உண்டு: "புரை ஏறிவிடும்." ஆனால் குழந்தை மல்லாந்திருக்கையில் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் அமைகின்றன. கக்கிய பால் கீழே உள்ள உணவுக்குழலுக்கே திரும்புகிறது. குப்புறக் கிடக்கும்போதுதான் மூச்சுக்குழல் கீழே வருகிறது. சிருஷ்டிகர் அமைத்த அமைப்பைப் படித்தவர்களே கவனியாமற்போனார்கள்!

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் சூசன் பீல் என்னும் குழந்தை மருத்துவர் வேறு வழியில் சென்றார். குழந்தையை இழந்த வீடுகளுக்கு நேரில் போனார். பெற்றோரோடு அமர்ந்து, பிள்ளை எப்படிப் படுத்திருந்தது, எதன்மேல் படுத்திருந்தது, எதைப் போர்த்தியிருந்தது என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். குப்புறப் படுக்கையின் ஆபத்தை 1980-களில் வெளிப்படையாய்ச் சொல்லத் தொடங்கினார். பலர் நம்பவில்லை. பின்னர் நெதர்லாந்திலும் நியூசிலாந்திலும் பிரிட்டனிலும் மக்களுக்கு இது சொல்லப்பட்டது. 1991-இல் தன் மகனை இழந்த தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஆன் டயமண்ட் பிரிட்டனில் இதற்காகப் பேசினார். அமெரிக்கா 1994-இல் தன் இயக்கத்தைத் தொடங்கிற்று; பத்தாண்டுகளுக்குள் இம்மரணங்கள் அங்கே ஏறக்குறையப் பாதியாய்க் குறைந்தன. 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, 1970-ஆம் ஆண்டளவிலேயே போதிய சான்றுகள் இருந்தன என்றும், அவற்றை அன்றே தொகுத்துப் பார்த்திருந்தால் பிரிட்டனில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைத்திருக்கக்கூடும் என்றும் மதிப்பிட்டது. அக்குழந்தைகளின் தாய்மார் மருத்துவர் சொன்னபடியே செய்தவர்கள். அவர்களில் ஒருத்தியிடம் போய், "நீ சரியாய்ப் படுக்கவைக்கவில்லை" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஆயினும் சொன்னவர்கள் உண்டு, நீதிமன்றத்திலேயே சொன்னார்கள். இங்கிலாந்தின் செஷயரில் வாழ்ந்த சாலி கிளார்க் என்னும் வழக்கறிஞர் தம் இரு ஆண்குழந்தைகளை அடுத்தடுத்து இழந்தார். 1999-இல் அவரைக் கொலைகாரி என்று தீர்த்தார்கள். ஒரே வீட்டில் இரண்டு முறை இப்படி நேரிடுவது 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்று ஒரு பெரிய குழந்தை மருத்துவர் சாட்சி சொன்னார். ஒரே பெற்றோருக்குப் பிறந்த இரு பிள்ளைகளை ஒருவருக்கொருவர் தொடர்பற்றவர்களாக எண்ணிப் பெருக்கிய கணக்கு அது. பிழை என்று புள்ளியியல் அறிஞர்கள் கண்டித்தனர். இரண்டாம் குழந்தையின் உடலில் நோய்க்கிருமி காணப்பட்டதைக் காட்டிய சோதனை முடிவு வெளியிடப்படாமல் இருந்ததும் பிற்பாடு தெரியவந்தது. 2003-இல் விடுதலையானார், 2007-இல் இறந்துபோனார். ஆஸ்திரேலியாவில் நான்கு பிள்ளைகளை இழந்த காத்லீன் ஃபோல்பிக் 20 ஆண்டுகள் சிறையிலிருந்து, 2023-இல் மன்னிப்பும் பின்பு முழு விடுதலையும் பெற்றார். அவருடைய பெண்குழந்தைகள் இருவரிடமும் இருதயத்தைத் தாக்கக்கூடிய மரபணு மாற்றம் இருந்ததை விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். சிறைக்குப் போகும்போது தம் பிள்ளைகளுக்காக அழவும் அவருக்கு உரிமை மறுக்கப்பட்டிருந்தது என்றே சொல்ல வேண்டும்.

நம்மிடையே விஷயம் நீதிமன்றத்துக்குப் போவதில்லை, தெருவிலேயே முடிந்துவிடுகிறது. பல வீடுகளில் அன்று மாலையே அடக்கம். பரிசோதனை இல்லை. மாந்தம் என்பார் ஒருவர். கண்ணேறு என்பார் மற்றொருவர். விசுவாசிகள் என்று சொல்லிக்கொள்கிற நாமோ, "வீட்டில் ஏதோ மறைவான பாவம்" என்று மெதுவாய்ப் பேசுகிறோம். அல்லது யோபுவின் வாக்கியத்தை எடுத்துச் சொல்லுகிறோம். பிரியமானவர்களே, அந்த வாக்கியத்தைத் தன் பிள்ளைகளை இழந்த யோபுவே சொன்னான். அவனைப் பார்க்க வந்தவர்கள் சொல்லவில்லை. வந்தவர்கள் ஏழு நாள் வாய்திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்ல சிநேகிதராய் இருந்தார்கள்.

என் கருத்து இது: எச்சரிக்கை பிறப்புக்கு முன்பாகச் சொல்லப்பட வேண்டியது, மரணத்துக்குப் பின்பு அதற்கு இடமில்லை. நாம் காலத்தை மாற்றிவிட்டோம். வளைகாப்பு ஜெபத்திலும் பிரதிஷ்டை ஆராதனையிலும் வாழ்த்துப் பாடிவிட்டு, அறிவுரையை அடக்க ஆராதனைக்குச் சேர்த்துவைக்கிறோம்.

ஆகவே, குழந்தைக்காகக் காத்திருக்கும் வீட்டாரே, இப்பொழுதே கேளுங்கள். பகலிலும் இரவிலும் மல்லாக்கப் படுக்கவையுங்கள். படுக்கை சமமாகவும் உறுதியாகவும் இருக்கட்டும். தரையில் விரித்த பாயும் மெல்லிய விரிப்பும் பஞ்சணையைவிட மேலானவை. தலை உருண்டையாக வேண்டுமென்று வைக்கிற கடுகுத் தலையணை உறக்கத்தில் வேண்டாம். இருபுறமும் வைக்கிற உருளைத் தலையணைகளும் வேண்டாம். பிள்ளை பார்க்கப் போகிற சபையார் அவற்றையே பரிசாய் வாங்கிச் செல்கிறீர்கள். துணியோ நாப்கினோ வாங்குங்கள். விழித்திருக்கும்போது நம் கண்முன்னே சற்றுநேரம் குப்புறப் படுத்து விளையாடட்டும். தலை தட்டையாகாமலிருக்க அது உதவும். பிள்ளை தானாகவே இருபுறமும் புரளத் தொடங்கிய பின், இரவெல்லாம் விழித்திருந்து திருப்பிப் போட வேண்டியதில்லை. வெயில் காலத்தில் வீட்டுக்குள் தொப்பியும் கம்பளியும் எதற்கு? உடல் சூடேறுவதும் ஓர் ஆபத்தே. தாய்ப்பால் பாதுகாப்பு. புகைபிடிப்பவர் வீட்டில் இருந்தால் அதை நிறுத்தும் காலம் கர்ப்பகாலமே. சாம்பிராணிப் புகையையும் பச்சிளம் நுரையீரலுக்கு அருகே கொண்டுபோகாதிருங்கள்.

தூளியைக் கழற்றுங்கள் என்று நான் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை என்பதை அறிவேன். ஆனால் தூளியில் உடல் வளைந்து, மோவாய் மார்பில் பதிந்தால், அந்தச் சிறிய மூச்சுக்குழல் மடங்கிப்போகும். தாலாட்டி உறங்கிய பின் பிள்ளையை எடுத்துச் சமதரையில் கிடத்துங்கள். பிள்ளை பெற்றோரின் அறையில், தாயின் கைக்கெட்டும் தூரத்தில், தனிப் படுக்கையில் உறங்குவதே சிறந்தது என்கிறார்கள் மருத்துவர்கள். ஒரே அறையுள்ள வீடுகள் நம்மில் அநேகம். தனிப் படுக்கைக்கு இடமில்லாத வீட்டில், குடித்தவரோ, மயக்கம் தரும் மருந்து உட்கொண்டவரோ, புகைபிடிப்பவரோ, மூத்த பிள்ளைகளோ கைக்குழந்தையின் அருகே படுக்கவே கூடாது. சோபாவில் பிள்ளையை அணைத்தபடி கண்ணயர்வது இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது. நம் வழக்கங்கள் எல்லாமே பழுது என்று சொல்லவும் நான் ஆயத்தமில்லை. இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில், பாகிஸ்தானிலிருந்து குடியேறிய குடும்பங்களில் இம்மரணங்கள் வெள்ளையர் வீடுகளைவிடக் குறைவு என்று கண்டார்கள். அங்குள்ள தாய்மார் புகைப்பதும் குடிப்பதும் அரிது. குழந்தையைத் தனியறையில் விடுவதுமில்லை.

இவை யாவற்றையும் செய்த வீட்டிலும் ஒரு காலையில் பிள்ளை விழிக்காமற்போகலாம். அந்த வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஒன்று சொல்வேன்: எப்படிப் படுக்கவைத்தீர்கள் என்று கேட்காதிருங்கள், அதை மருத்துவர் கேட்பார். "இன்னொன்று பிறக்கும்" என்று சொல்லாதிருங்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள்; பெயர் வைக்கப்படாதிருந்தால், என்ன பெயர் வைக்க எண்ணியிருந்தார்கள் என்று தகப்பனிடம் கேளுங்கள். பிள்ளை போன பின்னும் தாய்க்குப் பால் சுரக்கும். மார்பு கட்டி வலிக்கும், காய்ச்சலும் வரலாம். வெட்கத்தினால் அவள் அதை யாரிடமும் சொல்லமாட்டாள். சபையின் மூத்த சகோதரி ஒருவர் அன்றே அவளருகே இருந்து, ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரை அழைத்துவரட்டும்.